குடலைக் கலைத்துக் கட்டும் பிராணிகள்

வீட்டில் கல்யாணம் வந்தால் பரணிலிருந்து அண்டாவையும் தவலையையும் இறக்குகிறோம். கல்யாணம் முடிந்து சம்பந்திகளை ரயிலேற்றிவிட்டு வந்ததும், அவற்றைத் துலக்கிக் கவிழ்த்து மறுபடியும் பரணில் ஏற்றிவிடுகிறோம். நாலு பேருக்குச் சமைப்பதற்கு நித்தம் அண்டாவை அடுப்பில் வைக்கிறவர்கள் யாரும் இல்லை. விறகும் வீண், துலக்குகிறவர்களின் கையும் வீண். பாத்திர விஷயத்தில் இவ்வளவு கணக்காக இருக்கும் நாம், வயிற்றின் விஷயத்தில் மட்டும் வேறு விதமாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். மனிதன் வளர்ந்து ஆளான பிறகு அவனுடைய இரைப்பையும் குடலும் அளவு மாறாதவை, அவற்றுக்குள் போடுகிற ஆகாரந்தான் கூடும், குறையும் என்பது நம்முடைய நம்பிக்கை.

கொறித்துத் தின்னும் காட்டுப் பிராணிகள் சிலவற்றின் வயிற்றைப் பரிசோதித்த விஞ்ஞானிகள், இந்த நம்பிக்கை அவற்றின் விஷயத்தில் செல்லாது என்று சொல்லுகிறார்கள். எலியும் அணிலும் சேர்ந்த அந்தக் கூட்டத்தில், பருவத்துக்குத் தக்கபடி குடலைப் பெரிதாகக் கட்டிக்கொள்ளும் பிராணிகள் இருக்கின்றன. பருவம் வந்ததும் அதைக் கலைத்துச் சிறிதாக்கிவிடும் பிராணிகளும் இருக்கின்றன. பாத்திரத்தைப் பரணில் ஏற்றுவது போலக்கூட அல்ல; பாத்திரத்தையே உருக்கி அடுப்புச் செலவுக்கு எடுத்துக்கொள்வது போல என்று சொல்லவேண்டும்.

குடல் வெறும் குழாயாக இருந்தால் இது சாத்தியமில்லை. சிறுகுடலின் உட்புறத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், பட்டுத் துணியின் மேல் நூல் நூலாக எழும்பியிருப்பது போல மிகச் சிறிய விரல்கள் நெருங்கி நிற்பது தெரியும். இவற்றுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். நாம் உண்ட சோற்றின் சத்து முழுவதும் இவற்றின் வழியாகத்தான் இரத்தத்தில் சேருகிறது. இந்த விரல்களைப் போர்த்தியிருக்கும் ஜீவ அணுக்களுக்கு ஆயுள் மிகவும் சொற்பம். நம்முடைய குடலிலேயே மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பழைய அணுக்கள் உதிர்ந்து புதியவை அந்த இடத்துக்கு வந்துவிடுகின்றன. விரலின் அடிப்பாகத்தில் பிறக்கும் அணு, மாடிப்படி ஏறுவது போல் மேலே மேலே நகர்ந்து, உச்சிக்குப் போனதும் உதிர்ந்துபோகிறது. நாம் தூங்கும்போதும் இந்தக் கட்டட வேலை நிற்பதில்லை. ஆகவே குடல் என்பது சரீரத்தின் எடையில் சிறு பங்காக இருந்தாலும், சரீரத்தின் தினசரிச் செலவில் பெரும்பங்கு வாங்குகிற ஓர் அவயவம். இவ்வளவு செலவுள்ள காரியத்தை வேலை இல்லாத காலத்தில் வைத்துக் காப்பாற்றுவானேன் என்பதுதான் காட்டுப் பிராணிகளின் கணக்கு.

முதலில் கட்டுகிறவர்களைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் நடுப்பாகத்தில் பிரெய்ரி என்று சொல்லும் பெரிய புல்வெளிகள் இருக்கின்றன. அங்கே வோல் என்று ஒருவகை எலி வசிக்கிறது. குட்டை வால், மழுங்கிய மூக்கு, சுமார் நாற்பது கிராம் எடை. குளிர்காலத்தில் இது தூங்குவதில்லை. பனி பெய்தாலும் புல்லுக்கடியில் வழி செய்துகொண்டு ஓடியாடி இரை தேடவேண்டும். இதற்கு இரண்டு கஷ்டங்கள் ஒரே சமயத்தில் வருகின்றன. குளிரில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள ஆகாரம் அதிகமாக வேண்டும். சிறிய பிராணிக்கு எடையைப் பார்க்கத் தோலின் பரப்பு அதிகமாகையால், சூடு மிக விரைவில் போய்விடுகிறது. அதே காலத்தில் கிடைக்கிற ஆகாரமோ காய்ந்து நாராகிப்போன புல். சத்துக் குறைவு, ஜீரணமாவது கடினம். வரவு குறைந்த மாதத்தில் செலவு ஏறிவிட்ட குடும்பத்தைப் போன்ற நிலைமை.

சத்துக் குறைந்ததை நிறையத் தின்று சரிக்கட்டலாம் என்றால், அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. குடலின் அளவு அப்படியே இருக்க, தின்பது மட்டும் இரட்டித்தால், ஆகாரம் குடலில் தங்கும் நேரம் பாதியாகிவிடும். பாதி வெந்த சோற்றை அடுப்பிலிருந்து இறக்குவது போல, பாதி ஜீரணமான புல் வெளியேறிவிடும். தின்றும் பிரயோஜனமில்லை. இதற்கு வழி, குடலையே பெரிதாக்குவது.

கொலராடோ மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் புரூஸ் வண்டர் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் 1985-ஆம் ஆண்டில் இதைப் பற்றி ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வோல்களுக்கு நார் மிகுந்த ஆகாரம் கொடுத்துப் பார்த்தார்கள். குளிரில் வைத்தும் பார்த்தார்கள். இரண்டினாலும் குடல் பெருத்தது. பிறகு 1991-இல் கிம்பர்லி ஹாமண்டும் வண்டரும் 5 டிகிரி செண்டிகிரேட் குளிரிலும் 23 டிகிரியிலும் வைத்து, நல்ல ஆகாரத்தையும் மட்டமான ஆகாரத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துச் சோதித்தார்கள். குளிரும் மட்டமான ஆகாரமும் ஒன்று சேர்ந்தபோது வோல்கள் மிகுதியாகத் தின்றன. அதற்கு இடங்கொடுக்கும்படி அவற்றின் குடலும் வளர்ந்தது. இதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, சில வாரங்களே போதும். காட்டு வோல்களில் பல, குளிர்காலத்தில் மொத்த எடையில் குறைந்துவிடுகின்றன என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கவேண்டும். வீடு சிறியதாகிறது, சமையலறை மட்டும் பெரிதாகிறது!

சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் ஒரு பை இருக்கிறது. ஒரு பக்கத்தில் வழியில்லாத முட்டுச்சந்து போல இருப்பதால் அதைக் குருட்டுக் குடல் என்பார்கள். மனிதர்களுக்கு அது மிகச் சிறியது. அதன் நுனியில் தொங்கும் வால் வீங்கிக்கொண்டு வைத்தியருக்குப் பீஸ் வாங்கிக்கொடுக்கும்போதுதான் அந்தப் பிரதேசத்தின் ஞாபகமே நமக்கு வருகிறது. புல் தின்னும் எலிகளுக்கோ அது பெரிய பண்டகசாலை. கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே குடியிருந்து, எலியால் ஜீரணிக்க முடியாத நாரை நொதிக்கச் செய்து சத்தாக மாற்றிக் கொடுக்கின்றன. அங்கே உண்டாகும் சத்து சிறுகுடலைத் தாண்டிப் போய்விடுவதால், அதை வீணாக்காமல் மறுபடியும் உட்கொள்ள வோல்கள் ஓர் உபாயம் வைத்திருக்கின்றன. சாப்பிட்ட கையோடு இந்தப் பத்தியைப் படிக்கும் நேயர்களை உத்தேசித்து அதை விவரிக்காமல் விடுகிறேன்.

இனிக் கலைக்கிறவர்கள். நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடுகள். யார் போட்டது, எப்போது போட்டது என்பதை எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார். அதே பிரெய்ரிப் பிரதேசத்தில் பதின்மூன்று கோடுகள் உள்ள அணில் ஒன்று இருக்கிறது. அது மரமேறி அல்ல, தரையில் வளை தோண்டி வாழ்வது. கோடையின் இறுதியில் அது தின்று தின்று கொழுத்துவிடும். இலையுதிர் காலத்தில் வளைக்குள் போய்ச் சுருண்டு படுத்தால், வசந்தம் வரையில் ஐந்தாறு மாதங்களுக்கு வாயில் ஒரு கவளம் போடுவதில்லை. விழித்திருக்கும்போது நிமிஷத்துக்கு 200-க்கு மேல் அடிக்கும் இருதயம் பத்துக்கும் குறைவாக அடிக்கிறது. உடம்பின் உஷ்ணம் 37 டிகிரியிலிருந்து சுமார் 5 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கையில் எடுத்துப் பார்த்தால் செத்த பிராணி என்றே தோன்றும். வாரத்துக்கு ஒரு முறையோ இரண்டு வாரங்களுக்கு ஒரு முறையோ உடம்பைச் சூடாக்கிக்கொண்டு ஒரு நாளுக்கும் குறைவாக விழித்திருந்துவிட்டு, மறுபடியும் குளிர்ந்துபோகிறது. அந்த விழிப்பிலும் ஆகாரம் இல்லை.

இந்த நெடும்பட்டினியில் குடலுக்கு என்ன ஆகிறது என்பதை விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஹன்னா கேரி என்ற அம்மையார் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குடலின் உட்புற விரல்கள் குட்டையாகிவிடுகின்றன. சவ்வு மெலிகிறது. குடலின் எடை குறைகிறது. உடம்பு குளிர்ந்து கிடக்கும் நேரத்தில் புது அணுக்கள் பிறக்கும் வேலை நின்றுபோய், இடையிடையே சூடாகும் நேரங்களில் மட்டும் சிறிது நடைபெறுகிறது. இவ்வளவும் நாம் எதிர்பார்க்கக் கூடியதே. எதிர்பாராதது வேறொன்று. மிஞ்சியிருக்கும் குடலை எடுத்துச் சோதித்தால், சர்க்கரையை உறிஞ்சும் திறமை அதில் குறைந்திருக்கவில்லை. அளவுதான் குறைந்திருக்கிறது, தொழில் மறந்துபோகவில்லை. வேலையாட்களில் பலரை அனுப்பிவிட்டு, கைதேர்ந்த சிலரை மட்டும் வைத்துக்கொண்டு கடையைச் சாத்தியிருக்கும் முதலாளியைப் போல என்று சொல்லலாம்.

குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களின் பாடும் மாறுகிறது. மேலேயிருந்து ஆகாரம் வருவது நின்றதும், நாரை நம்பிப் பிழைத்தவை குறைந்துபோகின்றன; குடல் சுரக்கும் கோழையைத் தின்று பிழைக்கத் தெரிந்தவை பெருகுகின்றன. இந்தக் குடித்தனக்காரர்கள் வாடகை கொடுக்காமல் இருக்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. 2022-ஆம் ஆண்டில் மாத்யூ ரீகன், ஹன்னா கேரி முதலியவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி இதைத் தெளிவாக்கிற்று. உடம்பிலுள்ள புரதச் சத்து சிதையும்போது யூரியா என்ற கழிவுப்பொருள் உண்டாகிறது. சாதாரணமாக அது சிறுநீரோடு போய்விடும். ஆனால் அதன் ஒரு பகுதி இரத்தத்திலிருந்து குடலுக்குள் கசிகிறது. யூரியாவை உடைக்க அணிலுக்குச் சக்தி கிடையாது, குடலிலுள்ள நுண்ணுயிர்களில் சிலவற்றுக்கு உண்டு. அவை அதை உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனை மறுபடியும் புரதத்துக்கு வேண்டிய பொருள்களாக ஆக்குகின்றன.

இதைக் கண்டுபிடித்த விதம் நேர்த்தியானது. அடையாளம் தெரியும்படியாகச் சற்றுக் கனமான நைட்ரஜன் சேர்ந்த யூரியாவை அணிலின் உடம்பில் செலுத்தி, அந்த நைட்ரஜன் பிறகு எங்கே போய்ச் சேருகிறது என்று தேடினார்கள். அணிலின் கல்லீரலிலும் தசையிலும் அகப்பட்டது! கிருமிகளைக் கொல்லும் மருந்து கொடுத்த அணில்களில் அவ்வாறு சேரவில்லை. இன்னும் விசேஷம் என்னவென்றால், கோடையைவிடக் குளிர்காலத்தின் கடைசியில், பட்டினி மிகவும் முற்றிய காலத்தில்தான், இந்த மறு உபயோகம் உச்சத்தில் இருந்தது. அரை வருஷம் அசையாமல் பட்டினி கிடந்த பிராணி, எழுந்தவுடன் ஓடக்கூடிய தசையோடு வெளியே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதனுடைய குடலும் வேலையில்லாவிட்டால் மெலியத்தான் மெலிகிறது. வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல் இரத்தக் குழாய் வழியாகவே நெடுநாள் சத்து ஏற்றப்படும் நோயாளிகளுக்குக் குடலின் உட்சவ்வு மெலியத் தொடங்குகிறது. அதனால்தான் வைத்தியர்கள் கூடுமானவரை சீக்கிரத்தில், கொஞ்சமாவது, குடல் வழியாகவே ஆகாரம் கொடுக்கப் பார்க்கிறார்கள். பட்டினியால் மடிந்தவர்களின் குடல் காகிதம் போல் மெலிந்து கிடப்பதையும் அவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் அணிலுக்கு இது ஏற்பாடு, மனிதனுக்கோ விபத்து. கலைத்த குடலை மறுபடி கட்டும் வித்தை அணிலுக்கு ஆண்டுதோறும் பழக்கம். மனிதன் அதை உயிரைப் பணயம் வைத்துத்தான் செய்யவேண்டியிருக்கிறது.

இதற்கு நம் தேசத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு துயரமான சாட்சியம் உண்டு. 1943-இல் வங்காளத்தில் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பஞ்சத்தின்போது, குற்றுயிராகக் கிடந்தவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் தங்காமல் பேதியாகிப் போவதை வைத்தியர்கள் பார்த்தார்கள். பால் பொடி, மாவு, சர்க்கரை முதலியவற்றைச் சேர்த்து அவர்களுக்கென்று ஒரு கலவை தயாரிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1945 ஏப்ரலில், ஜெர்மனியிலுள்ள பெல்ஸன் சிறைமுகாமைப் பிரிட்டிஷ் படை விடுவித்தபோது, அந்த ‘வங்காளப் பஞ்சக் கலவை’யையே அங்கும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தித்திப்பு மிகுந்த அந்தக் கஞ்சியைப் பலரால் உட்கொள்ள முடியவில்லை. விடுதலை வந்த பிறகும் 13,000-க்கு மேற்பட்டவர்கள் அங்கே இறந்துபோனார்கள். விஷ ஜுரமும் பட்டினியின் கோரமும் சேர்ந்து செய்த வேலை அது. நெடும்பட்டினிக்குப் பிறகு திடீரென்று வயிறு நிறையச் சாப்பிட்டால் இரத்தத்திலுள்ள உப்புகளின் அளவு தாறுமாறாகி இருதயமே நின்றுபோகக்கூடும் என்பது இப்போது வைத்தியர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். உணவு கிடைப்பது வேறு, உணவை ஏற்கும் குடல் இருப்பது வேறு.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலைக்குப் போவோம். அங்கே மர்மோட் என்னும் பிராணி வசிக்கிறது. அணில் குடும்பந்தான், ஆனால் ஒரு பெரிய பூனை அளவு இருக்கும். (நமது லடாக்கிலும் இதன் உறவினரான ஹிமாலய மர்மோட்டைப் பார்க்கலாம்.) அக்டோபர் வாக்கில் குடும்பம் முழுவதும் வளைக்குள் புகுந்து, வாசலை மண்ணாலும் கல்லாலும் அடைத்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் படுத்துத் தூங்குகின்றன. தானியம் சேர்த்து வைப்பதில்லை. உடம்பிலுள்ள கொழுப்புத்தான் களஞ்சியம். ஏப்ரலில் வாசலைத் திறந்துகொண்டு வரும்போது எடையில் மூன்றிலொரு பங்கு போயிருக்கும். 2002-இல் இயன் ஹியூம், வால்ட்டர் அர்னால்டு முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, தூங்கி எழுந்த சமயத்தில் மர்மோட்டின் இரைப்பையும் குடலும் சேர்ந்த எடை, நடுக்கோடையில் இருப்பதில் ஏறக்குறையப் பாதியே இருக்கிறது.

அந்த நேரத்தில் அதற்குள்ள காரியங்களோ கொஞ்சமல்ல. எழுந்த சில வாரங்களுக்குள் இணைசேர வேண்டும். ஐந்து வாரங்களில் குட்டி ஈனவேண்டும். குட்டிகள் அக்டோபருக்குள் கொழுத்தாகவேண்டும். மலைக்கோடை குறுகியது. குடலை மறுபடி கட்டுவதற்கு ஆகாரம் வேண்டும். ஆகாரத்தை ஏற்பதற்குக் குடல் வேண்டும். முதல் சில நாட்களுக்கு மிஞ்சியிருக்கும் கொழுப்பைச் செலவு செய்து இந்தச் சிக்கலிலிருந்து மீளுகிறது. ஆகவே கடைசித் துளிக் கொழுப்பு எப்போது தீருகிறது, முதல் புல் எப்போது முளைக்கிறது என்ற இரண்டு தேதிகளுக்கும் நடுவில் அதன் உயிர் ஊசலாடுகிறது.

இந்த இரண்டு தேதிகளும் இப்போது ஒன்றையொன்று விட்டு நகரக்கூடும் என்பதுதான் கவலை. கொலராடோவில், கடல் மட்டத்துக்குச் சுமார் 9,500 அடி உயரத்தில், காத்திக் என்ற இடத்திலுள்ள மலை ஆராய்ச்சி நிலையத்தில் 1962 முதல் மஞ்சள் வயிற்று மர்மோட்டுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்து வந்திருக்கிறார்கள். அங்கே 1976-இல் அவை வளையை விட்டு வந்த நாளைவிட 1999-இல் 38 நாட்கள் முன்னதாகவே வந்துவிட்டன. வசந்த காலத்துக் காற்று சூடாகிவிட்டது. ஆனால் பனி உருகிப் புல் தலைகாட்டும் நாள் அந்த அளவுக்கு முன்னே வரவில்லை. சுருங்கின குடலும் வற்றின உடம்புமாக வெளியே வந்த பிராணிக்கு எதிரே வெள்ளைவெளேரென்று பனி. சத்திரத்தில் சாப்பாட்டு மணி அடிப்பதற்கு முன்பே இலையில் உட்கார்ந்துவிட்டவன் கதிதான்.

இனம் அழிந்துபோகும் என்று இதைக்கொண்டு சோதிடம் சொல்லத் தோன்றும். அப்படி அவசரப்படுவதற்கில்லை. 2010-இல் அதே இடத்து மர்மோட்டுகளைப் பற்றி வெளியான மற்றொரு கணக்கு நேர்மாறாக இருந்தது. சீக்கிரம் விழித்ததால் கோடை நீண்டது. கொழுப்பதற்கு நாட்கள் அதிகமாயின. வளர்ந்த பெண் மர்மோட்டுகளின் எடை கூடிற்று. 2000-க்குப் பிறகு அவற்றின் தொகை மளமளவென்று ஏறிற்று. சூடு அவற்றுக்கு லாபமாகவே முடிந்தது போலும் என்று எண்ண இடமுண்டு.

பிரான்ஸ் தேசத்து ஆல்ப்ஸ் மலையில், கிராண்ட் ஸாஸியேர் என்ற பாதுகாக்கப்பட்ட பள்ளத்தாக்கில், 1990 முதல் எடுத்த கணக்கு வேறு விதமாக இருக்கிறது. குளிர்காலத்தில் வளையின் மேல் பனி கனமாகப் படிந்திருந்தால் அது கம்பளி போர்த்தது போல உள்ளேயிருக்கும் சூட்டைக் காக்கிறது. பனி வர வர மெல்லியதாகப் படிகிறது. கம்பளி மெலிந்த வளைக்குள் குளிர் இறங்குகிறது. படுத்திருக்கும் தாய் தன் கொழுப்பை அதிகமாக எரிக்க நேரிடுகிறது. வசந்தத்தில் குடலுக்கும் கர்ப்பத்துக்கும் மிஞ்சுவது குறைகிறது. ஓர் ஈற்றில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்ததை 2013-இல் அங்குள்ள விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள்.